அவள் என்ன சொன்னாள் என்று எழுது

புளத்கொகுபிட்டிய,
1927 பெப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதமும் அதோடு வந்த பனங்கட்டிக் குட்டானும் நனையாமல் வந்து சேர்ந்தன. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அத்தான் காலமான பிறகு அந்தப் பெரிய வீட்டில் நீங்கள் தனியே சமைத்து, தனியே சாப்பிட்டு, படிப்பிக்கப் பள்ளிக்கூடத்துக்கும் நடந்து போய் வருகிறீர்கள் என்பதை நினைத்தால் எனக்கு இங்கே சோறு இறங்குவதில்லை. நாங்கள் மூவரும் சுகம். இவருக்குத் தோட்டத்துக் கந்தோரில் கணக்கெழுதும் வேலை கூட. ஆனாலும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுகிறார்.

ரதியைப் பற்றி எழுதச் சொன்னீர்கள். எங்கே தொடங்குவது? சித்திரை வந்தால் மூன்று வயது. இங்கே மழை விட்டபாடில்லை. சட்டைகள் கொடியில் காய்வதேயில்லை. தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து எனக்கு உதவிக்கு வரும் பிலோமினம்மா அவற்றைக் கொண்டுபோய், றப்பர் சீட் உலர்த்தும் புகைவீட்டு வாசலில் விரித்து எடுத்து வருகிறாள். அதனால் உங்கள் பெறாமகள் எந்நேரமும் புகையூட்டிய வாழைக்குலை மாதிரி மணக்கிறாள்.

விடிந்ததும் என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்புவாள். அவள் பார்க்கும் காகத்தை நானும் பார்க்க வேண்டும். தகப்பனின் சப்பாத்துக்குள் காலை விட்டு, முன்வாசலிலிருந்து குசினி வரை இழுத்துக்கொண்டு வருவாள். நேற்றுச் சோறு குழைத்து எனக்குத் தீத்தினாள். நான் வாயைத் திறக்கச் சுணங்கினால் தன் வாயை ஆவென்று திறந்து காட்டுகிறாள், நான் அவளுக்குச் செய்வது மாதிரியே. அந்தப் பிடிச் சோற்றில் பாதி என் மடியில்தான்.

விசயதசமி பற்றி எழுதியிருந்தீர்கள். அதற்கு இன்னும் நாள் கிடக்கிறதுதானே.

நல்லெண்ணெயைச் சூடாக்கி முழங்காலில் பூசுங்கள்.

உங்கள் தங்கை,
தங்கரத்தினம்


சுழிபுரம்,
1927 பெப்ரவரி 21

என் தங்கத்துக்கு,

நல்லெண்ணெய் பூசினேன். அதைவிட உன் கடிதம்தான் சுகம் தந்தது. மழையில் நின்று தடிமன் தேடிக்கொள்ளாதே. மைத்துனரையும் குடை கொண்டு போகச் சொல்.

நாள் கிடக்கிறது என்று தள்ளிப் போடாதே. விசயதசமிக்கு ரதியை இங்கே கூட்டி வாருங்கள். ஏடு தொடக்கிவிட்டு என்னோடு விட்டுவிட்டுப் போங்கள். முதலில் என் அரிவரி வகுப்பில் ஒரு மூலையில் இருந்து பழகட்டும். வயது வந்ததும் இடாப்பில் பெயர் போடலாம். அங்கே தோட்டத்தில் நல்ல பள்ளிக்கூடம் இல்லையென்று நீதானே சொன்னாய்? கிழக்கு அறைக்குச் சுண்ணாம்பு அடிப்பித்துவிட்டேன். சின்னக் கட்டிலுக்குப் புதுக் கயிறு பின்னக் கொடுத்திருக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். அவள் என்ன செய்தாள் என்று நாலு பக்கம் எழுதுகிறாய். அடுத்த முறை அவள் என்ன சொன்னாள் என்று எழுது. மழலை போய்விட்டால் திரும்பி வராது. என் வகுப்பில் ஒருத்தி பூனையை 'ஊனை' என்கிறாள். அதைக் கேட்கவே நான் ஒரு நாளைக்குப் பத்துத் தரம் பூனைப் படத்தைக் காட்டுகிறேன்.

பிள்ளைக்கு என் முத்தங்கள்.

அக்கா,
மகாதேவி


புளத்கொகுபிட்டிய,
1927 மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் ஊனைக் கதையை இவருக்கு வாசித்துக் காட்டினேன். சிரித்தார். பிறகு எழுந்து வெளியே போய்விட்டார். எனக்குத் தடிமன் இல்லை. உங்களுக்கு அங்கே வெயில் தொடங்கியிருக்கும், மத்தியானத்தில் நடக்காதீர்கள்.

ரதிக்கு ஓடித் திரியவே நேரம் காணாது, அக்கா, கதைக்க எங்கே நேரம்? போன கிழமை அவள் காலில் அட்டை ஏறிவிட்டது. நான் அலறினேன். அவள் குனிந்து பார்த்து, அட்டை விழப் பிழிவதற்குத் தேசிக்காய் வெட்டி வைத்திருக்கும் தட்டத்தைத் தானே எடுத்து வந்து என்னிடம் நீட்டினாள்! மாவனல்லையிலிருந்து இப்றாஹிம் நானா என்று ஒருவர் மாதம் ஒரு தரம் துணி மூட்டையோடு வருவார். அவர் மூட்டையை இறக்கிய உடனே இவள் அதன் மேல் ஏறி இருந்துவிடுவாள். "மகள், எறங்குங்க, நா போகவும் வேணுமே" என்று அவர் கெஞ்சுவார். இவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். கிராமத்திலிருந்து பால் கொண்டு வரும் சிங்கள அம்மா "பபா, எண்ட" என்று கூப்பிட்டால் அவளிடமும் ஓடுவாள். எல்லாருக்கும் செல்லம்.

நல்ல நீல நிறத்தில் ஒரு துணி வாங்கி வைத்திருக்கிறேன். சித்திரைக்குச் சட்டை தைக்க வேண்டும்.

அடுப்பில் வேலை கிடக்கிறது. இத்துடன் நிறுத்துகிறேன்.

தங்கரத்தினம்


சுழிபுரம்,
1927 ஏப்ரல் 24

என் தங்கத்துக்கு,

வருடப் பிறப்புக்கு மாமி வீட்டார் வந்து போனார்கள். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நீல நிறச் சட்டை பொருந்தியதா? உங்கள் மூவருக்கும் இந்த வருடம் நல்லதாக அமைய நகுலேசுவரத்தில் அருச்சனை செய்தேன்.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அட்டை, தேசிக்காய், துணி மூட்டை எல்லாம் கண்முன்னே வருகிறது. நான் கேட்டது மட்டும் வரவில்லை. என்னிடம் நீ சுற்றி வளைக்க வேண்டாம். தங்கம், பிள்ளை கதைக்கிறாளோ?

அக்கா


சுழிபுரம்,
1927 ஜூன் 5

தங்கம்,

தபாற்காரன் தினமும் வாசலைத் தாண்டிப் போகிறான். நான் கேட்டது பிழையென்றால் மன்னித்துவிடு. சுகமாக இருக்கிறோம் என்று ஒரு வரி எழுது.

அக்கா


புளத்கொகுபிட்டிய,
1927 ஜூன் 20

மதிப்புக்குரிய மச்சாளுக்கு,

விசுவலிங்கம் எழுதிக்கொள்வது. தங்கரத்தினமும் பிள்ளையும் உடம்பால் சுகம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் இரண்டு கடிதங்களும் வந்தன. அவள் பதில் எழுத உட்காருவாள், தலைப்பை எழுதுவாள், எழுந்து போய்விடுவாள். இதை நான் எழுதுவது அவளுக்குத் தெரியாது.

ரதி இன்னும் ஒரு சொல்லும் சொன்னதில்லை, மச்சாள். அம்மா என்றுகூட இல்லை. காதில் குறையில்லை. விடியற்காலையில் தோட்டத்தில் ஆட்களை வேலைக்குக் கூப்பிடத் தப்படித்தால் திடுக்கிட்டு எழும்புவாள். கேகாலைக்குக் கொண்டுபோய் டாக்டரிடமும் காட்டினோம். காதும் நாக்கும் நன்றாக இருக்கின்றன, பொறுத்துப் பாருங்கள் என்றார். நாங்கள் சொல்வதெல்லாம் அவளுக்கு விளங்குகிறது. என் மூக்குக்கண்ணாடியைக் கொண்டு வா என்றால் கொண்டு வருகிறாள்.

சித்திரையில் என் தமையனாரின் மனைவி வந்திருந்தா. புதுச் சட்டை போட்டு வந்து நின்ற பிள்ளையைப் பார்த்து, "உன்ர பேர் என்ன?" என்று கேட்டா. பிள்ளை சிரித்தாள். திரும்பவும் கேட்டா. பிறகு எங்கள் முன்னாலேயே, "இது ஊமையோ?" என்றா. தங்கரத்தினம் பலகாரத் தட்டத்தை நீட்டினாள். அவர்கள் போன பிறகு குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றிலிருந்து ஆர் வந்தாலும் பிள்ளையைப் பின்பக்கம் கொண்டுபோய்விடுகிறாள்.

உங்களுக்கு எழுதுவோம் என்று நான் சொன்னேன். "சொல்லாதேங்கோ, அக்கா கட்டிலுக்குக் கயிறு பின்னி வைச்சுக்கொண்டு இருக்கிறா" என்றாள். இன்னொன்றும் சொன்னாள். அதுதான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது. "விசயதசமி வரக் கூடாது, பிள்ளை என்னை விட்டுப் போகக் கூடாது எண்டு நான்தான் கும்பிட்டனான். அதுக்காகத்தான் சாமி பிள்ளையின்ர வாயைக் கட்டிப்போட்டுதோ?" என்றாள். இதற்கு உங்களுக்குப் பதில் தெரிந்தால் அவளுக்கு எழுதுங்கள்.

இங்ஙனம்,
விசுவலிங்கம்


சுழிபுரம்,
1927 ஜூன் 27

என் தங்கக் குஞ்சுக்கு,

மைத்துனர் எழுதிவிட்டார். அவரோடு கோபிக்காதே. அழுதுகொண்டிருந்தால் முகத்தைக் கழுவிவிட்டு வந்து இதைப் படி.

நீ மூன்றரை வயது வரை ஒரு சொல்லும் கதைக்கவில்லை.

ஓம், நீதான். அப்பா உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு போகாத கோயில் இல்லை. அம்மா உன் நாக்கில் வசம்பு தடவித் தடவி நீ அவவைக் கண்டாலே ஓடுவாய். எனக்கு அப்போது பதினொரு வயது. நீ விரலால் காட்டுவாய், நான் கேட்டுக் கொடுப்பேன். "தங்கத்துக்குத் தண்ணி வேணுமாம்", "தங்கத்துக்கு நித்திரை வருதாம்." உனக்கு வாய் எதற்கு, நான் இருக்கும்போது?

பிறகு எனக்கு அம்மை போட்டது. உன்னை என்னிடம் விடாமல் மாமி வீட்டில் கொண்டுபோய் வைத்தார்கள். அங்கே ஒருநாள் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்க, நீ உள்ளே வந்து நின்று, "மாமி, ஆடு கீரையைத் தின்னுது" என்றாயாம். ஒரு பிழையில்லாமல். மாமி சோற்றுக் கையோடு உன்னைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தா. மாமாவும் பின்னாலே. ஒருவரும் ஆட்டைத் துரத்தவில்லை. அது பாத்தி முழுவதையும் தின்று முடித்துவிட்டது.

இதை ஏன் உனக்குச் சொல்லவில்லை என்று கேட்பாய். அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தா. மாப்பிள்ளை வீட்டார் காதில் விழுந்தால் குறை சொல்வார்களாம். அம்மா போன பிறகும் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன். நீ இத்தனை மாதம் தனியே பயந்துகொண்டிருந்திருக்கிறாய். சொல்லியிருந்தால் அந்தப் பயம் பாதியாகியிருக்கும். அது என் பிழை.

தாய் பிள்ளையைப் பிரியமாட்டேன் என்று கும்பிட்டதற்கு எந்தச் சாமி தண்டிக்கும்? சாமிக்கு வேறு வேலையில்லையா?

இப்போது ஒன்று செய்து பார். அவள் விரலைக் காட்டினால் உடனே எடுத்துக் கொடுக்காதே. விளங்காதவள் மாதிரிக் கொஞ்சம் நில். அழ விடாதே, அதட்டாதே. சும்மா நில். பின்பக்கம் ஒளிக்கவும் வேண்டாம். வருகிறவர்கள் வரட்டும்.

உன் அக்கா,
மகாதேவி


புளத்கொகுபிட்டிய,
1927 ஜூலை 17

அன்புள்ள அக்காவுக்கு,

முகத்தைக் கழுவிவிட்டுத்தான் படித்தேன். படித்து முடிந்ததும் திரும்பவும் கழுவ வேண்டி வந்தது. உங்கள் மேல் இரண்டு நாள் கோபமாக இருந்தேன். பிறகு அந்த ஆடு நினைவுக்கு வந்துவிடும், சிரித்துவிடுவேன். இவர் கந்தோருக்குப் போகும்போதெல்லாம், "வீட்டில கீரை கவனம்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். உங்கள் முழங்கால் எப்படி? இத்தனை நாள் அதைக்கூடக் கேட்காமல் இருந்துவிட்டேன்.

நீங்கள் சொன்னபடி செய்கிறேன். அது லேசில்லை. ரதி அலமாரியைக் காட்டுவாள், நான் கூரையைப் பார்ப்பேன். பிலோமினம்மாவிடமும் சொல்லி வைத்தேன். அவளுக்குப் பொறுக்கவில்லை. "பாவங்க, பிஸ்கட்டுதானே கேக்குது. நம்ம கைய இப்படிக் கட்டிப்போட்டா எப்படிங்கம்மா?" என்கிறாள். எனக்குத் தெரியாமல் கொடுத்தும் விடுகிறாள்.

சொல் இன்னும் வரவில்லை. ஆனால், அக்கா, நான் இப்போது ஒளிக்கவில்லை. அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு றப்பர் மரங்களுக்குள் நடக்கிறேன். பிலோமினம்மாவின் புருஷன் பவுல் பால் வெட்டி முடித்து வாளியோடு வருவான். வாளிக்குள் பார்க்க இவள் கழுத்தை நீட்டுவாள். ஆராவது பேர் கேட்டால், "ரதி. இன்னும் கதைக்கத் தொடங்கயில்லை" என்று நானே சொல்லிவிடுகிறேன். சொன்ன பிறகு ஒன்றும் ஆகவில்லை. கேட்டவர்கள் அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போகிறார்கள்.

இரவில் எனக்கு நித்திரை வருகிறது. அதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

தங்கரத்தினம்


புளத்கொகுபிட்டிய,
1927 செப்டெம்பர் 8

அக்கா! அக்கா!

சுகம் விசாரிக்கக் கை நிற்கவில்லை, பிறகு விசாரிக்கிறேன்.

இன்று காலை இப்றாஹிம் நானா வந்தார். வழமை போலத் தேத்தண்ணீர் வைக்க நான் குசினிக்குப் போனேன். விறகு ஈரம். ஊதி ஊதிக் கண்ணெல்லாம் புகை. வானம் இருண்டுகொண்டு வந்தது. நானா முன்னாலிருந்து, "தங்கச்சி, மழ வரப் போகுது. நா வாறன், தேத்தண்ணி அடுத்த மாசம் குடிப்பம்" என்று சத்தம் போட்டார். மூட்டையைத் தூக்கும் சத்தமும் கேட்டது. அதற்குப் பிறகு ஒரு குரல்.

"இருங்க. அம்மா தேத்தண்ணி போடுறா."

பிலோமினம்மாவின் மகள்தான் வந்திருக்கிறாளாக்கும் என்று நினைத்து ஊதிக்கொண்டேயிருந்தேன். பிறகு, அந்தப் பிள்ளை மாமன் வீட்டுக்குப் போயிருப்பது நினைவுக்கு வந்தது. ஊதுகுழலோடு ஓடினேன். முன்வாசலில் நானாவும் ரதியும் மட்டும். நானா மூட்டையைப் பாதி தூக்கியபடி நிற்கிறார்.

"தங்கச்சி, புள்ள பேசின! நீங்க கேட்டீங்களா?"

ஓம் என்று தலையாட்டினேன். அவர் குனிந்து, "மகள், என்ன சொன்னீங்க?" என்றார். இத்தனை பெரிய மனிதருக்கு ஒரு சொல் விளங்கவில்லையே என்று இவளுக்குக் கோபம். காலை உதைத்து, "இருங்க!" என்றாள்.

நானா மூட்டையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மழை வந்து, விட்டு, வெயிலும் எறித்துவிட்டது. அவர் போகவில்லை. நான் தேத்தண்ணீர் கொண்டு வந்து கொடுத்ததும் இல்லை. பிலோமினம்மாதான் பிறகு போட்டாள்.

இவரைக் கூட்டிவர ஆள் அனுப்பினேன். என்னமோ ஏதோ என்று பயந்து, குடையில்லாமல் சேற்றில் ஓடி வந்தார். இவள் அவரைப் பார்த்துச் சிரித்தாளே ஒழிய ஒரு சொல் இல்லை. அவர் முழங்காலில் இருந்து கெஞ்சினார். "அப்பா எண்டு சொல்லு குஞ்சு. ஒருக்கால் சொல்லு. அப்பா. அப்... பா..." பின்னேரமும் அதே கெஞ்சல். சாப்பாட்டு வேளையில் சோற்றைத் தீத்திக்கொண்டே திரும்பவும் தொடங்கினார். அவள் கையை நீட்டி அவர் வாயைப் பொத்தினாள்.

"காணும்" என்றாள்.

தகப்பனுக்குக் கிடைத்த முதல் சொல் அதுதான், அதுவும் கெஞ்சியது போதும் என்று. இப்போதும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார், பக்கத்தில் இருந்துகொண்டு.

தங்கரத்தினம்


சுழிபுரம்,
1927 செப்டெம்பர் 16

என் தங்கத்துக்கும் ரதிக் குஞ்சுக்கும்,

கடிதத்தை வாசலில் நின்றே படித்தேன். தபாற்காரன் போகாமல் நின்று, "அம்மா, கெட்ட சேதியோ?" என்று கேட்டான். அந்தளவுக்கு அழுதிருக்கிறேன். அவனுக்கும் வாசித்துக் காட்டினேன்.

ஆனாலும் ஒன்று. யாழ்ப்பாணத்து வாத்தியாரம்மாவின் பெறாமகள் 'இருங்கோ' என்று சொல்லாமல் 'இருங்க' என்றாளாமே! முதல் பாதி பிலோமினம்மா, மற்றப் பாதி நீ. பரவாயில்லை. எந்தப் பேச்சாக இருந்தாலும் வருகிற விருந்தாளியை இருக்கச் சொன்னாள். அது போதும்.

விசயதசமிக்கு அவளைக் கூட்டி வர வேண்டாம். ஏட்டை அங்கேயே மைத்துனர் தொடக்கட்டும். இப்போதுதான் அவள் உன்னோடு கதைக்கத் தொடங்கியிருக்கிறாள். அதைக் கேட்க வேண்டியவள் நீ. ஐந்து வயது முடியட்டும், அப்போது நாங்கள் இருவரும் இருந்து யோசிப்போம். கிழக்கு அறையில் இப்போது பள்ளிக்கூடத்துப் புத்தகங்களை அடுக்கியிருக்கிறேன். கட்டிலிலும் கொஞ்சம்.

எனக்குச் சுகம். முழங்காலைப் பற்றி இனிக் கேட்காதே, அது தன் பாட்டில் இருக்கிறது.

அக்கா


புளத்கொகுபிட்டிய,
1927 ஒக்டோபர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

விசயதசமி நல்லபடி முடிந்தது. இவர் ரதியை மடியில் வைத்து, தட்டத்து அரிசியில் விரலைப் பிடித்து 'அ' எழுதினார். அவள் குனிந்து பார்த்து, "இது ஆர்?" என்று கேட்டாள். "இது அ" என்றார் இவர். "ஏன் சும்மா இருக்கிறா?" என்று கேட்டாள். இவர் என்னைப் பார்த்தார். "கதைப்பா குஞ்சு. அவவைக் கரைச்சல்படுத்தாதை" என்றேன். சரியென்று தலையாட்டிவிட்டு, எழுத்தை அழித்து அரிசியை வாயில் போட்டுக்கொண்டாள்.

அக்கா, இப்போது வாய் மூடுவதில்லை. கண் விழித்தால் தொடங்கி, நித்திரையாகும் வரை. காகம் எங்கே போகிறது, மழை ஏன் சத்தம் போடுகிறது, பவுல் மாமாவின் வாளிப் பால் ஏன் குடிக்கக் கூடாது. பால்காரம்மாவிடம் சிங்களத்தில் என்னவோ கேட்கிறாள். இவர்தான் எனக்கு அதைச் சொல்லித் தரவேண்டியிருக்கிறது. இன்று காலை நான் சோறு வடிக்கும்போது சேலையைப் பிடித்துக்கொண்டு நச்சரித்தாள். எனக்குப் பொறுமை போய், "கொஞ்ச நேரம் சும்மா இரன் பிள்ளை!" என்று அதட்டிவிட்டேன். அதட்டிய பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே கேட்டது. கஞ்சிப் பானையை இறக்கி வைத்துவிட்டு, நிலத்தில் இருந்து, வயிறு நோகச் சிரித்தேன். அவளும் என்னவென்று தெரியாமல் கூடச் சிரித்தாள்.

கிழக்கு அறையைப் பற்றி நீங்கள் எழுதியதை இவரும் படித்தார். படித்துவிட்டு, "மார்கழி விடுமுறைக்கு மச்சாள் இங்கே வரட்டும். நான் பொல்காவலை ஸ்டேசனுக்குப் போய்க் கூட்டி வாறன்" என்றார். புத்தகங்கள் கட்டிலில் கிடக்கட்டும். நீங்கள் வாருங்கள். மறுத்து எழுதினால் பதில் எழுத மாட்டேன், அது எனக்குப் பழக்கம்தானே.

தங்கரத்தினம்


சுழிபுரம்,
1927 ஒக்டோபர் 19

என் தங்கத்துக்கு,

சுகம். உடனே பதில் எழுதுகிறேன், உன் மிரட்டலுக்குப் பயந்து.

வருகிறேன். பள்ளிக்கூடம் மூடிய மறுநாளே மெயில் ரயிலில் ஏறுவேன். இத்தனை வருடத்தில் அனுராதபுரத்துக்கு அங்கால் போனதில்லை. மைத்துனர் ஸ்டேசனில் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நிற்க வேண்டும். அட்டைக்குப் பயமாக இருக்கிறது. தேசிக்காய் வாங்கி வை. முருங்கைக்காயும் மோர்மிளகாயும் கொண்டு வருவேன், வேறு என்ன வேண்டும் என்று எழுது.

ரதிக்கு நான் வருவதைச் சொல்லிவிடு. அதற்குள் எல்லாக் கதையையும் கதைத்து முடித்துவிட வேண்டாம், எனக்கும் கொஞ்சம் மிச்சம் வைக்கட்டும்.

அக்கா,
மகாதேவி